இரண்டு குமிழையும் முழுதாகத் திறந்தால்

ஜூன் 9, திங்கள்

அண்ணனுடைய பேஸ் கிட்டாருக்குப் புது பிக்கப்புகள் வந்துவிட்டன. நடுவிரல் நீளத்தில் இரண்டு கறுப்புக் கட்டைகள். தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது இவைதான். பழைய ஜோடி ஒரு மாதமாகக் கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குச் சால்டரிங் அயர்னைப் பிடித்தால் தன் விரலைத்தான் பற்றவைக்கத் தெரியும். இந்த வீட்டில் ஈயம் உருக்குவது என்றால் நான். காலிங் பெல் அடித்தால் கழுதை கத்துவது மாதிரி செய்து வைத்தவள் வேறு யார்?

"வாலு, உன்னால முடியுமா?"

"முடியுமாவா? முடி கனத்துல வயர் குடு, அதையே பத்தவெச்சுக் காட்டறேன்."

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு பிக்கப்பிலும் இரண்டு வயர்: வெள்ளை சத்தத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. கீழே கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை: ஒன்றில் மட்டும் இரண்டையும் மாற்றிவிடாதீர்கள், ஒரு பிக்கப் தள்ளும்போது மற்றது இழுக்கும், கும்மென்ற அடிச்சத்தம் போய்விடும், இரைச்சல்தான் இரட்டிப்பாகும்.

செய்யாதே என்று கட்டம் கட்டி எழுதினால் என் கை என்ன செய்யும்?

பின்னால் இருக்கும் பிக்கப்பில் மாற்றிப் பூசிவிட்டேன். பிக்கப்புக்கு ஒன்றாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ். தனித்தனியாகத் திறந்து வாசித்தால் இரண்டுமே தேன். இரண்டு குமிழையும் முழுதாகத் திறந்தால் டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரி இருக்கும். அண்ணன் எப்போதும் இரண்டையும் முழுதாகத்தான் திறப்பான். பாதி என்பதே அவனுக்குத் தெரியாது, சாப்பாட்டிலும் சரி.

நாளை ஒரு நாள் விழிக்கட்டும். அப்புறம் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுப்பேன். ஐந்து நிமிட வேலை.

ஜூன் 10, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் கிட்டாரை எடுத்தான். இரண்டு குமிழும் முழுசு. ஒரு தட்டு தட்டினான். முகத்தைப் பார்க்கணுமே!

"ஏய், அடி சத்தம் வருதா?"

"கும்முனு வருதே. ஏன்?"

"ம்ம்ம்னு ஒரு இரைச்சல் இருக்குல்ல?"

"இரைச்சலா? எங்க?"

ஆம்பில் காதை வைத்துக் கேட்டான். குனிந்தான், நிமிர்ந்தான், தலையை உதறினான். நானும் ரொம்ப அக்கறையாகக் காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினேன். காதில் பூச்சுற்றுவது என்பார்களே, நான் முழம் முழமாகச் சுற்றினேன்.

"ஒயரிங் சரியா பண்ணினியா?"

மல்டிமீட்டரை எடுத்து அவன் கண் எதிரிலேயே வைத்துக் காட்டினேன். முன்னால் 7.6. பின்னால் 7.9. தாளில் போட்டிருப்பதும் அதேதான். வயர் அறுந்ததா, இல்லையா என்பதுதான் மீட்டருக்குத் தெரியும். நேரா, தலைகீழா என்று அதற்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

"மீட்டர் பொய் சொல்லாதுல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மீட்டர் பொய் சொல்லவில்லைதான்.

அப்போதே சொல்லியிருப்பேன். அதற்குள் ஃபோன் வந்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 11, புதன்

அண்ணன் கிட்டாரைத் தொடவில்லை. கண்டுபிடித்துவிட்டான், பழிவாங்கத் திட்டம் போடுகிறான்! செருப்பை உதறிப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். பற்பசையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

சாப்பிடும்போது அண்ணன் அப்பா பக்கம் குனிந்து, சத்தமாகக் கேட்டான்: "உங்களுக்கு எப்படிப்பா ஆரம்பிச்சுது?"

"எது?"

"காது."

அப்பா தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். இப்போது இரண்டு காதிலும் மிஷின். அதையும் போட்டுக்கொண்டுதான் பாதி கேட்கும். நாலு வருஷமாக அதே ஷாப்பில், அதே வரிசையில் அண்ணன் நிற்கிறான்.

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல். நான் ஃபேன்தான் அப்படிக் கத்துதுன்னு நினைச்சேன். ஏணி போட்டு ஏறி ஃபேனுக்கு எண்ணெயெல்லாம் விட்டேன்." அவரே சிரித்தார். "எதுக்குக் கேக்கற?"

"சும்மாப்பா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவன் திட்டம் எதுவும் போடவில்லை. அவன் தன் காதைத்தான் சந்தேகப்படுகிறான். ஐயோ.

சொல்லிவிடலாம். எழுந்து போய் இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒரு நாள் என்றால் அதற்குப் பெயர் விளையாட்டு. ஐந்து நாளுக்கு என்ன பெயர்? அப்பாவிடம் நான் செய்வதும் ஞாபகம் வருகிறது: சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பேன், அவர் மிஷினைக் கழற்றி ஊதி, தட்டி, மறுபடி மாட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவரும் சிரிப்பார். எப்போதும் சிரித்தாரா?

நினைவில்லை. பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு என்றால் அண்ணனின் இசைக்குழுவுக்குப் பயிற்சி. அண்ணன் போகவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் இடி (அவன் நடந்து வந்தாலே படிக்கட்டு அப்படித்தான் கேட்கும்) வாசலுக்கே வந்துவிட்டான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

"டேய், இருபத்தெட்டாம் தேதி மேடைடா. மொத மேடை. நீ என்ன வீட்ல உக்காந்திருக்க?"

"வேற ஆளைப் பாத்துக்கோடா."

"வெளயாடறியா?"

"கை வலிடா. மணிக்கட்டு. தந்தியைப் பிடிக்க முடியல."

மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். அவன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தந்தியைப் பிடிப்பது இடது கை; பழக்கமே இல்லாததால் வலது கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். இடி அதைக் கவனிக்கவில்லை.

இடி படியிறங்கும்போது இன்று சத்தமே இல்லை.

ஜூன் 16, திங்கள்

"அம்மா, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெக்கலாமே" என்றான் அண்ணன். ஏற்கனவே இருபத்திரண்டில் இருந்தது. எப்போதும் பதினைந்துதான் வைப்போம்.

ஜூன் 18, புதன்

துணி மடிக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் லீவு போட்டுட்டு உங்கண்ணன் காது டெஸ்ட்டுக்குப் போறான். அப்பா காதுக்குப் போக வேணாம்." சொல்லிவிட்டு, எந்த வீட்டில் எதைச் சொல்கிறோம் என்று தோன்றியதோ என்னவோ, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று பார்த்தால் அழுகிறாள்.

"அவருக்கு அப்படி ஆனப்போ நான் பாத்துட்டேன்டி. இவனுக்கும் பாக்கணுமா?"

அம்மா, அவன் காதுக்கு ஒண்ணுமில்ல. என் கைக்குத்தான் கொழுப்பு. — சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்து மடித்தேன்.

ஒரு வழி இருக்கிறது. நாளை அவன் டெஸ்ட்டுக்குப் போயிருக்கும்போது வயரை நேராக்கிவிடலாம். வந்து வாசித்தால் எல்லாம் சரியாகக் கேட்கும். டாக்டரும் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். ஈயம் பூசின மாதிரியும் இருக்கும், பூசாத மாதிரியும் இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தலைவலி என்று பொய் சொல்லி மத்தியானமே பள்ளியிலிருந்து வந்துவிட்டேன். அப்பா நாற்காலியில் தூக்கம், அம்மா கடைக்கு. கிட்டாரைக் கவிழ்த்தேன், தகட்டைக் கழற்றினேன், அயர்னைச் சுட வைத்தேன். இரண்டு வயரையும் எடுத்துவிட்டேன். இடம் மாற்றிப் பூச வேண்டியதுதான் பாக்கி. வெள்ளை வயர் எட்டவில்லை. அரை அங்குலம். பிக்கப்பைத் தூக்கினால் எட்டும் என்று இழுத்தேன். வெளியே கேட் சத்தம். அம்மாதான். தூக்கிவாரிப் போட்டது. வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

வயர் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

பிக்கப்புக்குள்ளே பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும் கம்பி, முடியைவிட மெல்லியது. அதன் முனை வயரோடு சேரும் இடத்தில் அறுந்திருந்தது. மீட்டரை வைத்தேன். எண் வரவில்லை. ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது.

அவன் ஆசையாக வாங்கிய பிக்கப்.

அறுந்த வயரைச் சும்மா பெயருக்குச் சொருகிவிட்டுத் தகட்டை மூடினேன். மூடிய பிறகுதான் புரிந்தது. பின் பிக்கப் செத்துப்போனால் இழுப்பதற்கு ஆள் இல்லை. முன்னால் இருப்பது மட்டும் தனியாக, முழுதாகக் கேட்கும். அடிச்சத்தம் திரும்பிவிடும், இரைச்சலும் குறையும். நான் உடைத்ததே என்னைக் காப்பாற்றப் போகிறது! எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தான். கையில் ஒரு தாள். கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடு.

"அடி சத்தமெல்லாம் ரெண்டு காதுலயும் கைக்கொழந்தை மாதிரி இருக்காம்" என்றான். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. தாளின் வலது ஓரத்தைக் காட்டினான். அதுவரை மேசை விளிம்பு மாதிரி நேராகப் போன இடது காதுக் கோடு அங்கே பள்ளத்தில் விழுந்திருந்தது; வலது காதுக் கோடும் லேசாகச் சரிந்திருந்தது. "கீச்சுனு வர்ற உச்சி சத்தம்தான் போக ஆரம்பிச்சிருக்கு, இந்தப் பக்கம் ஜாஸ்தி. மிஷின் சத்தத்தால. காதுமூடி இல்லாம இனிமே நிக்கக் கூடாதாம்."

பிறகு கிட்டாரை எடுத்தான். இரண்டு குமிழையும் முழுதாகத் திறந்தான்.

கும்.

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி அணைந்ததையும் பார்த்தேன். காற்றை முகர்ந்தான். ஈயப் புகை வாசனை போக நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

"காலையில வாசிச்சேன், கேக்கல. இப்ப கேக்குது. நடுவுல யாரு வந்தா?"

"நான்தான்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொல்றா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "சத்தமா சொல்லு. அப்பாவுக்குக் கேக்கல."

"நான்தான் வயரை மாத்தி வெச்சேன்."

"என்னது?" என்றார் அப்பா, காதுக்குப் பின்னால் கையை வைத்து.

"இன்னும் சத்தமா" என்றான் அண்ணன்.

"நான்தான் வயரை மாத்தி வெச்சேன்! வேணும்னே! அவனுக்கு அடி சத்தம் கேக்காம போகணும்னு! எனக்குக் கேக்குது, உனக்குத்தான் கேக்கலைன்னு பொய் சொன்னேன்!"

தெருவே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எந்த வீட்டிலும் குற்றத்தைக் கிசுகிசுவென்று ஒப்புக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் முடியாது.

அப்பா காதிலிருந்து கையை இறக்கினார். பிறகு மெதுவாக, அதாவது அவருக்கு மெதுவாக: "என்கிட்ட விளையாடின, சரி. எனக்கு ஏற்கனவே போயிடுச்சு. அவனுக்கு இன்னும் இருக்கேம்மா."

எப்போதும் சிரித்தாரா என்று அன்றைக்கு எழுதினேனே. இல்லை.

அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. தாளிலிருந்த பள்ளத்தை விரலால் தொட்டு, "இது மட்டும் உன் வேலை இல்ல" என்றான். அறைக்குள் போகும்போது திரும்பி, "உன்னாலதான் டெஸ்ட் எடுத்தேன், நல்லதுதானேன்னு சொல்லிடாத. அதை மட்டும் சொல்லிடாத" என்றான்.

சொல்ல நினைத்திருந்தேன். அது எப்படித் தெரிந்தது அவனுக்கு?

ஜூன் 20, வெள்ளி

பிக்கப் அறுந்ததையும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது மாதிரி என்று கதைகளில் படித்திருக்கிறேன். ஊற்றியவளுக்கு எப்படி இருந்தது என்று எந்தக் கதையிலும் இல்லை.

"ம்" என்றான். கிட்டாரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

ஜூன் 21, சனி

இடி வந்தான். அண்ணன் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். இடி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"மணிக்கட்டுன்னு சொன்னியேடா பாவி! வேற பையனுக்கு வார்த்தை குடுத்துட்டேன். ஒரு வாரமா உக்காந்து அத்தனை பாட்டையும் கத்துக்கிட்டான். இப்ப எப்படிடா வேணாம்னு சொல்ல?"

"சொல்லாத. அவனே வாசிக்கட்டும்."

"மொத மேடைடா."

"தெரியும்."

போகும்போது என்னைப் பார்த்து, "காமெடியாம்மா இது?" என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

"மழை வருது, துணியை எடு" என்றேன். அண்ணன் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்ட மிஸ்ஸிடம் உண்மையையே சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் கொடுத்தார்.

பிக்கப்பின் மூடியைக் கழற்றினேன். உள்முனை அறுந்திருந்தால் கதை முடிந்தது, மொத்தச் சுற்றையும் பிரிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஊசி முனையால் தேடினேன். வெளிமுனை! ஒரு சுற்று பிரித்தால் எட்டும். கம்பிமேல் பூசியிருக்கும் மெழுகு மாதிரியான பூச்சைச் சுரண்டினால்தான் ஈயம் ஒட்டும். சுரண்டினேன், அறுந்தது. இன்னொரு சுற்று பிரித்தேன். மறுபடி அறுந்தது. முடி கனத்து வயரையே பற்றவைப்பேன் என்று சொன்ன வாய் எங்கே போனது?

மூன்றாம் முறை மேசைமேல் வெளிச்சம் விழுந்தது. அண்ணன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மூச்சுகூட விடவில்லை, அந்தக் கம்பி மூச்சுக்கே ஆடுகிறது.

ஒட்டியது. மீட்டர் 7.9 என்றது.

அண்ணன் அப்போதும் டார்ச்சை இறக்கவில்லை. "அது மட்டும் போதுமா?" என்றான்.

போதாது. அப்பாவின் பெட்டியிலிருந்து பழைய முள் மீட்டரை எடுத்து வந்தேன். முன் பிக்கப்பின் இரண்டு வயரிலும் அதை மாட்டி, மேலே இரும்புத் திருப்புளியால் தட்டினால் முள் ஒரு பக்கமாகத் துள்ளும். வலது பக்கம் துள்ளியது. அடுத்து பின் பிக்கப். அதற்கும் வலது பக்கம் துள்ள வேண்டும். துள்ளியது. "நீயே தட்டிப் பாரு" என்று திருப்புளியை நீட்டினேன். வாங்கினான். இரண்டையும் நாலு நாலு தடவை தட்டிப் பார்த்தான்.

வெள்ளை சத்தத்துக்கு. கறுப்பு எர்த்துக்கு. பூசி மூடினேன்.

இரண்டு குமிழையும் திறந்து வாசித்தான். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இரைச்சல் துளிகூட இல்லை. என் கண்ணில் நீர். அண்ணன் என்னைக் கேட்கவில்லை. மேசைமேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்த அப்பாவைக் கேட்டான்.

"வருதாப்பா?"

"வருதுடா" என்றார் அப்பா, கையைப் பார்த்து.

நல்ல காது இரண்டோடு பக்கத்தில் நான் நிற்கிறேன். காது கேளாதவரைத்தான் கேட்கிறான்.

ஜூன் 28, சனி

மேடைக்கு முன்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். அந்தப் பையன் நன்றாகவே வாசித்தான். நன்றாக வாசிக்காமல் இருந்திருக்கலாம். பாட்டு முழுக்க அண்ணனின் விரல்கள் முழங்கால்மேல் அதையே வாசித்துக்கொண்டிருந்தன.

ஜூலை 9, புதன்

பிரஸ் ஷாப்பில் காதுமூடி கேட்டால் சூப்பர்வைசர் நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தாராம். இன்று அப்பாவே போய்விட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "என் ரெண்டு காதையும் எடுத்துக்கிட்டீங்க, என் பையன் காதை விடுங்கய்யா" என்று அவர் சொன்னதை மிஷின் ஓடும்போதே மொத்த ஷாப்பும் கேட்டிருக்கிறது. வரிசை முழுவதற்கும் காதுமூடி வந்துவிட்டது. அண்ணன் சொல்லும்போது அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் நான் சிரித்தபோது நிறுத்தவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அந்தப் பையனுக்குப் பரீட்சையாம். இடி அண்ணனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டான். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. கேபிளைச் சுமக்க ஆள் வேண்டும் என்று நானாகவே போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. மூலையில் உட்கார்ந்தேன்.

பாதியில் இடி நிறுத்தினான். "மச்சான், உன் ஆம்ப்லேருந்து ஸ்ஸ்னு ஒண்ணு வருதுடா. ஊசி மாதிரி."

அண்ணன் ஆம்ப் பக்கம் குனிந்தான். இடது காதைக் கொடுத்தான், வலது காதைக் கொடுத்தான். இங்கே யாரும் குறும்பு செய்யவில்லை. நிஜமாகவே ஸ்ஸ் என்று இருந்தது, நிஜமாகவே அவனுக்கு அது சரியாகத் தெரியவில்லை. இடி அதைப் பார்த்துவிட்டு டிரம்ஸின் திருகு எதையோ முறுக்குவது போலக் குனிந்துகொண்டான்.

"வாலு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பேர்.

"இங்க வா. நான் இந்தக் குமிழைக் குறைச்சுக்கிட்டே வரேன். எந்த இடத்துல நிக்குதோ சொல்லு."

போய் ஆம்ப் முன்னால் மண்டியிட்டேன். கண்ணை மூடினேன். அவன் திருப்பினான். ஸ்ஸ். இன்னும் கொஞ்சம். ஸ். இன்னும் ஒரு நூல்.

"நின்னுடுச்சு."

குமிழிலிருந்து விரலை எடுத்தான். சரிதானா என்று இடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆரம்பிடா" என்றான்.